உதுமான் பாயின் ‘ஆம்’

‘ஆம்’ என்றால் சம்மதம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உதுமான் மைதீன் போடும் ஆம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. தன் கண்ணால் பார்த்ததை அவர் ‘வந்தது’ என்று எழுதுவார். பார்க்காததை ‘வந்ததாம்’ என்று எழுதுவார். தண்ணீர் லாரி எட்டு மணிக்கு வந்தது. வழியில் டயர் பஞ்சராகிவிட்டதாம். அவ்வளவுதான். லாரிக்காரன் பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார், ஆனால் வாசிக்கிறவனுக்கு லாரிக்காரன் மேல் நம்பிக்கை போய்விடும்.

நான் தானியேல். பெரியதாழைக்காரன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடல் வேலை. எனக்கு மட்டும் படகில் ஏறினால் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சேரன்மகாதேவிக்குத் தெற்கே கால்வாய்த் தண்ணீர் எட்டாத பொட்டலில் இருக்கும் சோலார் மின்நிலையத்தில் இன்வெர்ட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே உதுமான் பாய் ஸ்டோர் கீப்பர். ஆறு வருஷமாக ஒரே அறையில் அவரோடு டீ குடித்திருக்கிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அவரைக் கேட்டால், ‘உரிமை இருக்கிறதாம்’ என்பார்.

ஊர் பத்தமடை. பத்தமடைப் பாய் என்று யாராவது கேலி செய்தால் கோபப்பட மாட்டார். “எனக்கு நெய்யத் தெரியாதுவே, உதறிப் பாக்கத்தான் தெரியும்” என்பார். அது உண்மைதான். உட்காரும் நாற்காலியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். டீக்கடையில் பாலை முகர்ந்து பார்ப்பார். பிஸ்கட் பாக்கெட்டின் தேதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசிப்பார். நாங்கள் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இரண்டு மாதம் விசாரித்தார். நான்தான் வைத்தேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. அரபு நாட்டில், ஜுபைலில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பதினேழு வருஷம் இருந்தார். ஒரு நாள் புது பேரிங் இருக்க வேண்டிய பெட்டியைத் திறந்தால் உள்ளே தேய்ந்த பழைய பேரிங். சாவி இவர் இடுப்பில் இருந்ததால் பதினோரு நாள் இவரை உட்கார வைத்து விசாரித்தார்கள். பன்னிரண்டாம் நாள், யார் எடுத்தார்கள் என்று தெரியாமலேயே, போ என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் விட்டார்கள், இவர் விடவில்லை. அன்றிலிருந்து எந்தப் பொருள் தன் கைக்கு வந்தாலும் அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைப்பார். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரின் எண்ணைக்கூட அவருடைய மனைவி மைதீன் பாத்திமா வாசிக்க வாசிக்க எழுதிக்கொள்வார்.

எங்கள் மின்நிலையத்தில் ஒரு கண் உண்டு. கம்பத்தின் உச்சியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு, அதன் மேல் கண்ணாடிக் கும்மட்டம். அதற்குள் விழும் வெயிலுக்கு ஏற்றபடி அது மிகச் சின்னதாக ஒரு மின்சாரத்தைக் கீழே அனுப்பும். நாக்கில் வைத்தால்கூடத் தெரியாத அளவு. கம்பத்தின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தச் சின்ன மின்சாரத்தை அளந்து, இன்றைக்கு இந்த நிமிஷம் இவ்வளவு வெயில் என்று எண்ணாக மாற்றி, நிமிஷத்துக்கு ஒரு முறை பதிந்து, சென்னைக்கு அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. அதற்குப் பெயர் டேட்டா லாகர். முதல் நாள் இன்ஜினீயர் அந்தப் பெயரைச் சொன்னபோது உதுமான் பாய் காதில் லாக்கர் என்று விழுந்தது. மறுநாள் காலையில் அந்தப் பெட்டியில் ஒரு பூட்டுத் தொங்கியது. திண்டுக்கல் பூட்டு. சாவி அவர் இடுப்பில். லாகர் வேறு, லாக்கர் வேறு என்று விளக்கிச் சொன்னோம். “என்னமோ ஒரு கர். உள்ள கணக்கு இருக்குல்லா? பூட்டு கெடக்கட்டும்” என்றுவிட்டார்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறி அந்தக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடைப்பது அவர் வேலை. மயில் எச்சம் போட்டிருக்கும், புழுதி படிந்திருக்கும். இறங்கி வந்து டைரி எழுதுவார். பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு லாகரின் திரை காட்டும் வெயில் எண். அப்போது வானம் எப்படி இருந்தது. கடைசியில், பேனல்கள் கழுவப்பட்டனவா என்பது. மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களை போட்டோ பிடித்துச் சென்னைக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். சென்னையில் யாரும் அதை வாசித்ததில்லை. வாசிக்காதவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பேனல் கழுவுவது அன்னத்தாய். முக்கூடலில் இருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். வெயில் ஏறிய பிறகு சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பதால் விடியும்போதே தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுவார்கள். பாய் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து சேர்வது ஏழு மணிக்கு. அதனால் அவள் கழுவுவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. டைரியின் கடைசி வரி எல்லா நாளும் ஒன்றுதான்: ‘பேனல் கழுவினாளாம்.’

போன வருஷம் வைகாசியில், மே மாதம் இருபத்தேழாம் தேதி, கண்ணை மாற்ற வந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பழையதைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டுவது வழக்கம். வந்த சர்வீஸ்காரருக்கு அன்று மதுரையில் இன்னொரு வேலை. அவசர அவசரமாகப் பழசைக் கழற்றினார், புதுசை மாட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். கிளம்பும் முன் பாய் அவரை நிறுத்தி, போகும் கண்ணிலும் வந்த கண்ணிலும் உள்ள எண்களைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். அந்த ஆள் என்னைப் பார்த்து, இவர் எப்பவும் இப்படித்தானா என்று கண்ணாலேயே கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு பாய் என் அறைக்கு வந்தார்.

“லே தானியேலு. சூரியனுக்கு ஒரே நாள்ல எளந்தாரி வயசு திரும்பிட்டோ?”

“என்ன பாய்?”

“முந்தாநாள் மத்தியானம் தொள்ளாயிரத்து அறுவது. இன்னைக்கும் அதே வானம், ஒரு பிசிறு இல்ல. ஆயிரத்து நூத்தி அஞ்சு காட்டுது.”

“இது புதுக் கண்ணுல்லா? ஒங்களுக்கு மூக்குக் கண்ணாடி மாத்துனப்போ எழுத்து நல்லாத் தெரியலியா, அந்த மாதிரிதான்.”

“கண்ணாடி மாத்துனா எழுத்து தெளியும்லே. பேப்பர்ல எழுத்து கூடுமா?”

பதில் தெரியாததை ஒப்புக்கொள்ளாமல் சிரித்து வைத்தேன். அது என் குணம், அதை இப்போது சொல்லிவிடுகிறேன். அவர் சென்னைக்குப் போன் போட்டார். புதுக் கண்ணுக்குச் சான்றிதழ் இருக்கிறது, அது சரியாகத்தான் காட்டும், நீங்கள் துடைக்கிற வேலையைப் பாருங்கள் என்று யாரோ ஒரு பெண் சொல்லிவிட்டாள். அன்றைய டைரியில் எழுதினார்: ‘புதுக் கண் சரியாகக் காட்டுகிறதாம்.’

ஜூலை முதல் வாரத்தில் சென்னைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். லாகர் சொல்லும் வெயில் அத்தனையும் எங்கள் பேனல்கள் மேல் விழுந்திருக்கிறது, ஆனால் அதற்கு வந்திருக்க வேண்டிய கரண்டில் எட்டில் ஒரு பங்கைக் காணவில்லை. வெயில் வந்தது, கரண்ட் வரவில்லை. நடுவில் யார் என்ன செய்தார்கள் என்பது கேள்வி. அப்போதுதான், இரண்டு மாத டைரிப் பக்கங்களை யாரோ முதல் முறையாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள்.

ஜூலை நடுவில் ஒரு புதன்கிழமை நடராஜ் என்ற மேனேஜர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. வந்தவர் பேனலைப் பார்க்கவில்லை. ஸ்டோர் அறைக்குள் நுழைந்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குப்பைத் தொட்டியைக் காலால் கவிழ்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உதுமான் குடிப்பாரா?”

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. “டீயா சார்?”

“விளையாடாதீங்க. டியூட்டில குடிக்கிறாரு. எழுத்துல ஆதாரம் இருக்கு. யார் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன். இந்த மாசக் கடைசில அவரோட கான்ட்ராக்ட் முடியுது, அதோட அனுப்பிடுவோம். கூடக் குடிச்சவங்க யாருன்னுதான் பாக்கணும்.”

நான் உடனே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நேரம் தொழுகிற மனுஷன். ஆனால் கதவைச் சாத்திவிட்டு ஒருவன் தணிந்த குரலில் கேட்டால் மனசு கோணலாகத்தான் போகிறது. பாய் எந்நேரமும் ஏலக்காய் சவைப்பார். அது எதற்கு? மதியம் தொழுதுவிட்டு அரை மணி நேரம் ஸ்டோரைத் தாழ் போட்டுக்கொண்டு படுப்பார். படுக்கத்தானா? இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, “எனக்குத் தெரிஞ்சி இல்ல சார்” என்றேன். அந்த ‘எனக்குத் தெரிஞ்சி’ என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதுவும் ஒரு ஆம்தான்.

எழுத்தில் ஆதாரம் இருப்பதாகச் சொல்லியே நடராஜ் அன்னத்தாயையும் கேட்டார், தண்ணீர் லாரிக்காரனையும் கேட்டார். சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டார். லாரிக்காரன் வாயில் விழுந்தது அன்று சாயங்காலமே பத்தமடை போய்ச் சேர்ந்தது.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் அறையில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எழுத்தில் இருக்கிறது என்றால் எழுதியது யார்? லாரிக்காரன் எழுதியிருப்பான் என்று நான் நினைத்தேன். பாய் லாகரின் பூட்டைப் புதிதாக மாற்றினார். என் பிளாஸ்கில் இருந்து டீ வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். வியாழக்கிழமை மதியம் நேராகவே கேட்டுவிட்டார்.

“இங்கன எழுதத் தெரிஞ்சது மூணு பேரு. நான், நீ, அன்னத்தாயி. நான் எழுதல. அவ எட்டாம் வகுப்பு. பெட்டிஷன் எழுதுத அளவுக்கு அவளுக்கு வராது. சொல்லுலே, எவ்வளவு நாளா என் மேல காந்தல்?”

“பாய், மாதா சத்தியமா நான் எழுதல.”

“எழுதலியாம்” என்றார் அவர், வாயாலேயே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறு வருஷப் பழக்கம். எழுந்து போய்விட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து திரும்பியவரைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

“பள்ளிவாசல்ல மச்சான்காரன் வந்து கெட்டிப் பிடிச்சான். பிடிச்சவன் விடல. மூஞ்சிக்கிட்டயே நின்னான். மோந்து பாக்கான்லே என்னய” என்றார். பிறகு, “வீட்டுல அவளும் கேக்கா, நீங்க ஏன் எப்பவும் ஏலக்கா சவைக்கீகன்னு. முப்பத்திரண்டு வருசத்துல இப்பத்தான் கேக்கா. சிகரெட்ட விட்டப்போ பிடிச்ச ஏலக்கா. அவதான் வாங்கியே தருவா” என்றார். வேலை போனால் போகட்டும் என்றார். குடிச்சதால் போச்சு என்று போகக் கூடாது என்றார். பொறுக்கமாட்டாமல், நடராஜ் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் பிளாஸ்கை எடுத்து டீ ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நடராஜ் எங்கள் மூன்று பேரையும் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார். அன்னத்தாய் மட்டும் உட்காரவில்லை, வேலை முடிந்தும் இதற்காகக் காத்திருந்தவள், பாதி காய்ந்த பாவாடையோடு வாசல் ஓரத்தில் நின்றாள். மேசை மேல் டைரியும், அதன் போட்டோப் பிரதிகளும். சுவரில் இருந்த திரையில் லாகரின் வெயில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

நடராஜ் முதலில் அவளிடம்தான் ஆரம்பித்தார். “நீங்க சொல்லுங்க. உதுமான் குடிப்பாரா?”

“அவுக குடிக்க மாட்டாக.”

“நீங்க பாத்தீங்களா?”

“எத? குடிக்காததையா? குடிக்காதத எங்கன போயிப் பாக்க?”

“கிட்டப் போய் வாசனை ஏதாவது...”

“மோந்து பாத்துட்டுத்தான் ஒரு மனுசன நம்பணுமாக்கும்?” என்றாள் அன்னத்தாய். “அவுக குடிக்க மாட்டாக. எழுதிக்கோங்க.”

நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

“யாரு எழுதுனான்னு சொல்லுங்க சார்” என்றார் பாய். “அத மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்.”

“நீங்கதான்” என்றார் நடராஜ்.

டைரியைத் திறந்து வாசித்தார். “ஜூன் பதினொண்ணு. மதியம் ஒரு மணி முதல் மூணு வரை மப்பு. ஜூன் பதினாலு, காலையிலிருந்தே மப்பு. பத்தொன்பது, லேசான மப்பு. இருபது, கடும் மப்பு, மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மொத்தம் இருபத்தாறு நாள். மப்புல இருந்தது யாருன்னு பேர் போடலை. டைரி உங்களோடது. வேற யாரா இருக்க முடியும்?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. “சார், குடிச்சவன் குடிச்சேன்னு எழுதி, நேரமும் போட்டு, மாசக் கடைசில போட்டோ பிடிச்சி மேலிடத்துக்கு அனுப்புவானா?”

“மப்புல எழுதினா அப்படித்தான் எழுதுவாங்க” என்றார் அவர், கோபமாக.

பாய் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஜுபைலிலும் பத்தமடையிலும் வாழ்ந்த மனுஷனுக்குச் சென்னையில் அந்தச் சொல்லுக்குக் குடிபோதை என்று பொருள் என்பது எப்படித் தெரியும்? அன்னத்தாய்தான் ஜன்னலைக் காட்டினாள். மேற்கே மலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பொதி ஆடிக் காற்றில் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

“அந்தா பாபநாசத்து மலையில இருந்து வாருதுல்லா, அதான்யா மப்பு. ஒங்க ஊருல அத என்னன்னு சொல்லுவாக?”

நடராஜ் ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஆயிரத்துச் சொச்சத்தில் இருந்த எண், அந்தப் பொதி சூரியனுக்குக் கீழே வந்ததும் படபடவென்று இறங்கி முன்னூற்றுப் பத்தில் நின்றது. ஜூன் பதினொன்றின் பதிவை லாகரில் எடுத்துப் பார்த்தார். ஒரு மணியிலிருந்து மூன்று வரை பள்ளம். பதினான்காம் தேதி காலையிலிருந்தே பள்ளம். இருபத்தாறு நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் காது சிவந்துவிட்டது.

“மேகமூட்டம்னு எழுதியிருக்கலாமே” என்றார், யாரையும் பார்க்காமல்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வந்த வேலை முடியவில்லையே. வெயிலுக்கும் கரண்டுக்கும் நடுவே காணாமல் போன எட்டில் ஒரு பங்குக்கு அவர் பதில் கொண்டுபோக வேண்டும். ஒரு ஆள் கைநழுவினால் இன்னொரு ஆள் வேண்டும். மறுபடியும் டைரியைப் புரட்டினார். இந்த முறை நிதானமாக, ஒவ்வொரு நாளின் கடைசி வரியையும்.

“பேனல் கழுவினாளாம்” என்று வாசித்தார். அடுத்த பக்கம். “கழுவினாளாம்.” அடுத்தது. “கழுவினாளாம். கழுவினாளாம். இந்த ஆம் என்ன பாய்? நீங்க இவ்வளவு கவனமா எழுதுறவரு. கழுவினாள்னு ஒரு நாள்கூட எழுதலையே. நீங்களே நம்பலை, இல்ல?”

பாய் டைரிக்குக் கை நீட்டினார். நடராஜ் கொடுக்கவில்லை.

“பேனல்ல அழுக்கு இருந்தா கரண்ட் குறையும். இப்பப் புரியுது. நாளையிலேர்ந்து வேற ஆளுங்க வருவாங்கம்மா. நீங்க வர வேணாம்” என்றார் நடராஜ்.

அன்னத்தாய் அவரைப் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்தாள்.

“பாய், நான் கழுவலியா?”

“பாக்கலன்னு எழுதுனேன் தாயி. கழுவலன்னு எழுதல.”

“ரெண்டும் ஒண்ணாத்தான் வந்து நிக்கி.”

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவருக்காகப் பேசிய வாய் அது. உதுமான் பாயின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஜுபைலில் பதினோரு நாள் உட்கார வைத்தார்கள் என்றேனே, அதே நாற்காலியில் இப்போது இவர் இன்னொருத்தியை உட்கார வைத்துவிட்டார். அது அவருக்கு விளங்கியது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்து, நடராஜ் கையிலிருந்த டைரியைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார்.

“நான் ஆம் போடாத எடத்தையும் வாசிங்க சார்” என்றார்.

மே இருபத்தேழாம் தேதிப் பக்கம். அவரே விரல் வைத்து வாசித்தார். “போன கண், அதன் மேல் எட்டு புள்ளி ஒண்ணு ஏழு. வந்த கண், அதன் மேல் ஒம்பது புள்ளி நாலு ஒண்ணு. பெட்டியில் எதுவும் தட்டவில்லை.” பிறகு இரண்டு வருஷத்துக்கு முந்திய டைரியை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். அந்தப் பழைய கண்ணை மாட்டிய நாள். “கண்ணின் மேல் எட்டு புள்ளி ஒண்ணு ஏழு. மாட்டியவர் அதைப் பார்த்து, பெட்டியிலும் எட்டு புள்ளி ஒண்ணு ஏழு என்று தட்டினார்.” நிமிர்ந்து நடராஜைப் பார்த்தார். “அன்னைக்கு வந்தவரு தட்டுனாரு. இந்தத் தடவ வந்தவரு தட்டல. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அன்னையில இருந்துதான் சூரியன் பெருத்துப் போச்சு. போன்ல சொன்னேன். தொடைக்க வேலையப் பாருன்னாக.”

நடராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கண்ணும் ஒரே வெயிலுக்கு ஒரே அளவு மின்சாரம் தராது. எந்தக் கண் எவ்வளவு தரும் என்பதைத்தான் அதன் மேலே அச்சடித்திருக்கிறார்கள். லாகருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால்தான் அது வெயிலைச் சரியாகச் சொல்லும். புதுக் கண் கொஞ்சம் கூடுதலாகத் தருகிற கண். லாகரோ அதைப் பழைய கண் என்றே நினைத்து, வராத வெயிலை வந்ததாக ஐம்பது நாளாகச் சென்னைக்கு எழுதிக்கொண்டிருந்தது. லாகர் எழுதுவதில் ஆம் கிடையாது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

எல்லோரும் கம்பத்தடிக்குப் போனோம். பாய் புதுப் பூட்டைத் திறந்தார். நடராஜ் பொத்தான்களை அழுத்தி உள்ளே போனார். திரையில் 8.17 என்று நின்றது. சர்வீஸ் கம்பெனியைப் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டு 9.41 என்று மாற்றினார். மப்பு விலகியிருந்தது. ஆயிரத்து எழுபது காட்டிக்கொண்டிருந்த எண் தொள்ளாயிரத்து முப்பதுக்கு இறங்கியது. ஜூன் மாதம் முழுவதையும் புது எண்ணை வைத்துப் போட்டுப் பார்த்தபோது, காணாமல் போன கரண்ட் காணாமல் போகவே இல்லை என்று தெரிந்தது. பேனல்கள் சுத்தமாக இருந்திருக்கின்றன. எல்லா நாளும்.

நடராஜ் பாயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கான்ட்ராக்ட் தொடரும் என்றார். பத்தமடையில் காட்டுவதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்று பாய் கேட்டார், அதற்கும் நடராஜ் சம்மதித்தார். அன்னத்தாயிடம் “நீங்க எப்பவும் போல வாங்கம்மா” என்றதோடு சரி.

அவள் ரப்பர் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாய் அவள் பின்னால் நாலு எட்டு நடந்தார். அவள்தான் திரும்பினாள்.

“ரெண்டு எழுத்துதான் பாய். என் சோத்துல மண்ணு விழுந்திருக்கும்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முக்கூடல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் பாய் ஜெயித்த மனுஷன் மாதிரியே இல்லை. ஏலக்காயை எடுத்தார், வாயில் போடாமல் மறுபடியும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தார், ஏணியில் ஏறிக் கண்ணைத் துடைத்தார், இறங்கி வந்து டைரி எழுதினார். அன்னத்தாயும் மற்ற இருவரும் அதற்குள் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பாய் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது நான் டைரியை எடுத்துப் பார்த்தேன். அவரிடமிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம்தான். வானம் தெளிவு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கடைசி வரி: ‘பேனல் கழுவினாள்.’

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். “பாய், இன்னைக்கு வெள்ளனயே வந்து பாத்தீகளோ?”

“இல்ல.”

“பாக்காம எழுதியிருக்கீக?”

டைரியை என் கையிலிருந்து வாங்கி மூடி அலமாரியில் வைத்தார். அலமாரியைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“அவ என் வாய மோந்து பாத்துட்டா சாட்சி சொன்னா?” என்றார்.